கடைசி ஒன்பது நொடிகள்

எங்கள் பாட்டுக்குப் பியானோ வாசிக்கும் ரஸ், கோழி இறக்கை தின்ற கையோடு என் மவுஸைப் பிடித்தான்.

"தள்ளுடா. இன்னும் கொஞ்சம்தான்."

திரையில் கம்ப்ரஸரின் முள் ஏற்கனவே பாதி சாய்ந்திருந்தது. அவன் இன்னும் இழுத்தான். முள் படுத்துவிட்டது.

பாட்டின் எல்லாப் பகுதிகளும் ஒன்றாகி வெளியேறும் இடத்தில் நானும் ஒரு கம்ப்ரஸரை வைப்பேன். சத்தம் எகிறும் இடத்தில் அது லேசாக அமுக்கும். இரண்டு டெசிபல், அதற்கு மேல் இல்லை. வைத்திருப்பதே தெரியக் கூடாது. எடுத்துவிட்டால் மட்டும் எதுவோ கலைந்தது போல இருக்க வேண்டும். இருபது வருடமாகப் பாட்டுப் பதிவு செய்யும் இந்த பேஸ்மென்ட்டில் அதுதான் வழக்கம்.

ரஸ் பன்னிரண்டில் நிறுத்தினான். அமுக்கியதை ஈடுகட்ட மொத்தத்தையும் தூக்கிவிட்டான்.

ஒவ்வொரு டிரம்ஸ் அடிக்கும் பாட்டு முழுவதும் உள்ளே இழுபட்டு மறுபடி உப்பியது. அடங்கியிருந்ததெல்லாம் மேலே வந்தது. பாடிய கார்லாவின் நாக்கு அண்ணத்திலிருந்து பிரியும் ஈரச் சத்தம். அவள் எச்சில் விழுங்குவது. நாற்காலி. ஹீட்டர். பல் விளக்காத ஒருவன் காதருகே வாயை வைத்துப் பேசுவது போல இருந்தது.

"பாத்தியா? இதுதான் பாட்டு. உன்னோடது தூங்குது."

"சத்தம் கூடியிருக்கு, அவ்வளவுதான். சத்தம் கூடினா எதுவும் நல்லாதான் இருக்கும். ரெண்டையும் ஒரே அளவுல வச்சுக் கேளு."

"ரேடியோக்காரன் அளவுகோல் வச்சுக்கிட்டா கேக்கப் போறான்? இருநூறு பாட்டு வந்திருக்கும். உன்னோடதைப் போட்டா காபி எடுக்க எந்திரிச்சுப் போயிருவான்."

அவன் சொன்னதில் உண்மை இருந்தது. அவன் விரல்களை ஒவ்வொன்றாகச் சப்பினான்.

பே சிட்டியில் எங்கள் வானொலி நிலையம் சனிக்கிழமைகளில் உள்ளூர்க்காரர்களின் பாட்டு ஒன்றைப் போடும். பாடியவர், வாசித்தவர், பதிவு செய்தவர் என்று எல்லார் பெயரையும் படிப்பார்கள். இந்த வருடத்துக்கு அனுப்ப இன்று மாலை நான்கு மணி கடைசி.

பாட்டு கார்லா எழுதியது. அவள் பள்ளிக்கூட சமையலறையில் வேலை செய்கிறாள். இருபது வருடமாக எங்களோடு பாடுகிறாள். போன ஏப்ரலில் தொண்டையில் அறுவை நடந்தது. குரல் பாதிதான் திரும்பியது. மீதி வராது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நிலையம் இதை எடுத்தால் கோடையில் மேடை ஏறுவேன், எடுக்காவிட்டால் இனிமேல் பாட மாட்டேன் என்றாள். அழவில்லை. விடுப்பு கேட்பது போலச் சொன்னாள்.

முன்பெல்லாம் கடைசி வரியை அவள் இழுத்துப் பிடிப்பாள். இப்போது முடியவில்லை. அதனால் என்னிடம் ஒன்று கேட்டிருந்தாள். அவள் விட்ட இடத்தில் பியானோ பிடித்துக்கொள்ள வேண்டும். அது தானாக அணையும்வரை வெட்டக் கூடாது. கணக்குப் பார்த்தால் ஒன்பது நொடி.

ரஸ் புகை பிடிக்க மேலே போனான். நான் மவுஸைச் சட்டையில் துடைத்தேன். எண்ணெய் போகவில்லை. அவன் செய்து வைத்ததைக் கடைசிவரை கேட்டுவிட்டு அழிக்கலாம் என்று ஓடவிட்டேன்.

கடைசி வரி முடிந்தது. பியானோ ஒலித்துக்கொண்டே தேய்ந்தது. அமுக்க ஒன்றும் இல்லாததால் கம்ப்ரஸர் பிடியை விட்டது. அறையின் சத்தம் மெல்ல எழுந்து வந்தது. ஹீட்டர், பியானோ மிதியின் கிரீச், பிறகு ரஸ்ஸின் குரல்.

"பஞ்சரான டயரு. இன்னும் ரெண்டு மைல் ஓடும்."

அதற்குப் பிறகு ஒரு சிரிப்பு. மூக்கால் சிரித்த சிரிப்பு. பன்றி உறுமுவது போல இருந்தது. என்னுடையது.

ஜனவரியில், கார்லா வேலையில் இருந்த ஒரு மதியம், ரஸ்ஸின் பியானோவைப் பதிவு செய்தோம். அவள் குரல் அதற்கு முந்தைய வாரமே பதிவாகியிருந்தது. ஹெட்ஃபோனில் அவளைக் கேட்டுக்கொண்டேதான் அவன் வாசித்தான். கடைசியில் மிதியை விடாமல், அவள் குரலைப் பற்றி மெதுவாகச் சொன்னான். நான் சிரித்தேன். பியானோ மைக் திறந்திருந்தது. இரண்டு மாதமாக இந்தப் பாட்டோடு கிடந்தேன். ஒருமுறைகூட அது காதில் விழவில்லை. நினைவிலும் இல்லை. அதை மறக்க நான் எந்தச் சிரமமும் பட்டிருக்கவில்லை.

ரஸ் இறங்கி வந்தான். போட்டுக் காட்டினேன்.

"அடச்சே" என்றான். "வெட்டிடு."

"அவ வெட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்கா."

"அப்ப போட்டுக் காட்டு. போ."

"நீ சொன்னதுதானே?"

"ஊரே சொல்றதைத்தான் சொன்னேன். சிரிச்சது நீதான்."

வெட்டினேன். நான்காவது நொடியில் பியானோவைத் தேயவிட ஆரம்பித்து ஐந்தாவதில் அணைத்தேன். மிக நேர்த்தியான வெட்டு. தெரியாதவர்களுக்குத் தெரியாது. அவன் கலந்தது, நான் கலந்தது என்று இரண்டு மிக்ஸிலும் அப்படியே செய்தேன்.

மூன்று மணிக்கு கார்லா வந்தாள். படியில் பூட்ஸைத் தட்டிப் பனியை உதிர்த்தாள். நெற்றியில் சமையலறை வலைத்தொப்பியின் தடம் இருந்தது. கழுத்தில் சால்வை. அலுமினியத் தாள் மூடிய தட்டில் மக்ரோனி கொண்டுவந்திருந்தாள்.

"மிஞ்சினது. சூடு ஆறிடுச்சு. ரஸ், கையைக் கழுவிட்டு எடு."

அவன் கழுவாமலே எடுத்தான்.

முதலில் அவனுடையதைப் போட்டேன், பிறகு என்னுடையதை. இரண்டும் ஒரே சத்தத்தில். அவள் சோபாவில் குனிந்து தரையைப் பார்த்தபடி கேட்டாள்.

"முதல்ல போட்டது ஆவித் தட்டுல ரெண்டு மணி நேரம் கெடந்த சாப்பாடு" என்றாள். "சோளம், கோழி, கிரேவி எல்லாம் ஒரே ருசி."

"பசங்க தின்னுதுங்கல்ல?" என்றான் ரஸ். "அதைத்தான் நானும் சொல்றேன்."

"பசங்க வச்சுட்டுப் போறதை வழிச்சுக் கொட்டறவ நான். நீல், உன்னோடதை அனுப்பு. மூணாவது சரணத்துல நான் கீழ போறேன் பாரு, அங்க நீ என்னைத் தூக்கல. நல்லது."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த நேரத்திலும் இருந்தது.

"ஆனா பியானோவை ஏன் வெட்டினே?"

நான் திரையைப் பார்த்தேன்.

"ஹீட்டர் சத்தம் விழுந்திருக்கு."

"விழுந்தா விழட்டும். நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு, நீல். இந்தத் தொண்டையால முடியாததைத்தானே அது செய்யுது?"

ரஸ் மெல்லுவதை நிறுத்தினான்.

வெட்டியதை மீட்டேன். என் மிக்ஸில் அந்தப் பேச்சு பியானோவுக்கு அடியில் கிடந்தது. இந்தச் சத்தத்தில் யார் காதுக்கும் எட்டாது. இரண்டு மாதம் என் காதுக்கே எட்டவில்லை. அதை நம்பி ஓடவிட்டேன்.

கடைசி வரி முடிந்தது. பியானோ பிடித்துக்கொண்டது. மூன்று நொடி, நான்கு. கார்லா எழுந்து வந்தாள். அது அணைவதைக் கேட்க ஆசைப்பட்டு, மேசையில் இருந்த பெட்டியின் வால்யூம் திருகைக் கடைசிவரை திருப்பினாள்.

பஞ்சரான டயரு. இன்னும் ரெண்டு மைல் ஓடும்.

பிறகு பன்றி.

ஸ்பீக்கரில் வெறும் இரைச்சல் ஓடியது. அதை நிறுத்த என் கை போகவில்லை. அவளே திருகைக் குறைத்தாள்.

"கார்லா, அது சும்மா..." என்றான் ரஸ்.

"வாயில இருக்கறதை முழுங்கு முதல்ல."

அவன் விழுங்கினான்.

"இன்னொரு தடவை போடு" என்றாள் என்னிடம்.

போட்டேன். தலையைச் சாய்த்து, மேசைமீது கைகளை ஊன்றிக் கேட்டாள். சரணம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கும்போதும் அப்படித்தான் நிற்பாள்.

"சிரிச்சது நீயா?"

"நான்தான்."

"ம்."

சால்வையைச் சரிசெய்துகொண்டாள்.

"ஹீட்டர்னு சொன்னே."

"ஆமா."

"எதுல இது தெளிவா கேக்கும்?"

"ரஸ்ஸோடதுல."

"திருகைத் திருப்பாமலே கேக்குமா?"

"கேக்கும்."

"அதை அனுப்பு. வெட்டாம."

"கார்லா, பாட்டு நாசமாயிடும். நீயே சொன்னியே, ஆவித் தட்டுன்னு."

"சொன்னேன்."

"எடுக்க மாட்டாங்க."

"எடுக்கலைன்னா பாடல. அது ஏற்கனவே பேசினதுதான். எடுத்தா பேரு படிப்பாங்கல்ல? பாடினது நான். பியானோ இவன். மிக்ஸ் நீ. மூணு பேரும் அதுல இருக்கோம். யாரையும் விட்டுட வேண்டாம்."

ரஸ்ஸின் முன்னாலிருந்து மக்ரோனித் தட்டை எடுத்தாள். தாளை ஓரம் ஓரமாக அழுத்தி மூடினாள். மேலே போனாள். கார் கிளம்ப வெகுநேரம் ஆனது. கண்ணாடியில் பனியைச் சுரண்டும் சத்தம் பேஸ்மென்ட்வரை கேட்டது.

"உன்னோடதை அனுப்புடா" என்றான் ரஸ். "அவளுக்கு எங்க தெரியப் போகுது?"

"ரேடியோல கேப்பா."

"எடுத்தாத்தானே? எடுக்கலைன்னா யாருக்கும் தெரியாது. எடுத்தாலும் நல்லதுதானே, உன்னோடதுதான் நல்லாயிருக்குன்னு அவளே சொன்னா."

அவன் சொன்னது மறுபடியும் சரியாகத்தான் இருந்தது. மேலே போகச் சொன்னேன். அவன் ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு, எலும்புகளைக் காகிதத்தோடு என் கீபோர்டின் அருகே விட்டுவிட்டுப் போனான்.

அவனுடைய மிக்ஸைத் திறந்தேன். பியானோவின் வெட்டிய வாலை மீட்டேன். முள்ளைப் பன்னிரண்டில் விட்டேன். அனுப்புவதற்கு முன் முதலிலிருந்து முடிவுவரை ஒருமுறை கேட்பது என் பழக்கம். கேட்டேன். எச்சில், நாற்காலி, மூன்றாவது சரணத்தில் மற்றதோடு ஒரே மட்டத்துக்கு இழுத்து நிறுத்தப்பட்ட அவள் மூச்சு. பியானோ. டயர். நான்.

நிலையத்தின் படிவத்தில், மிக்ஸ் செய்தவர் என்ற இடத்தில் என் பெயரை முழுதாக எழுதினேன். மணி மூன்று ஐம்பது. மவுஸ் இன்னும் பிசுபிசுத்தது. அனுப்பு என்பதை அழுத்தினேன்.