நடீன் தேர்ந்தெடுத்த பெட்டி

வெண்டலுக்கு அந்தப் பெட்டியைக் கண்டாலே ஆகாது. பெட்டி என்னவோ, அவர்கள் குடியிருந்த சக்கர வீடான ட்ரெய்லரின் அடியில் எங்கோ ஒளிந்திருந்தது. ஆனால் அதன் சின்னத் திரை கதவோரம் சுவரில் உட்கார்ந்துகொண்டு, வெளியிலிருந்து வருகிற கரண்டு எத்தனை வோல்ட் என்று ராப்பகலாகச் சிவப்பு எண்ணில் சொல்லிக்கொண்டேயிருக்கும். நூற்றுப் பதினெட்டு, நூற்றுப் பதினாறு, மறுபடி நூற்றுப் பதினெட்டு. அந்த ஊரில் நூற்றிருபதை ஒட்டி இருந்தால் சரி. "இந்த வீட்டுல குத்தம் கண்டுபிடிக்க நீ ஒருத்தி பத்தாதா? அதுக்குத் துணைக்கு ஒரு ஆள் வேற வாங்கிட்டு வந்திருக்கே" என்பான் மனைவி நடீனிடம்.

வீட்டை விற்றுவிட்டு ட்ரெய்லரை வாங்கின வசந்தத்தில்தான் அதையும் வாங்கினார்கள். கடையில் இரண்டு வகை இருந்தன. ஒன்று மலிவு. மின்னல் கின்னல் அடித்துத் திடீரென்று கரண்டு எகிறினால் தடுக்கும், அவ்வளவுதான். இன்னொன்றின் விலைக்கு அதில் மூன்று வாங்கலாம். அது எகிறினாலும் தடுக்கும், கரண்டு குறைந்தாலும் வெட்டிவிடும், வண்டி நிறுத்துகிற இடத்துக் கரண்டுக் கம்பத்தில் ஒயரை மாற்றிக் கொடுத்திருந்தால் உள்ளேயே விடாது. வெண்டல் மலிவானதைக் கையில் எடுத்துக்கொண்டு கல்லாவுக்கு நடக்கவே ஆரம்பித்துவிட்டான்.

"அதை வை கீழ" என்றாள் நடீன். "அதிகமா வந்தாத்தான் மெஷின் போகும்னு உனக்கு யார் சொன்னா? கம்மியா வந்தா மோட்டார் தவிச்சுத் தவிச்சு சூடாகிக் கருகும். ட்ரெய்லர் நிறுத்துற பார்க்குங்கள்ல வெயில் நேரத்துல எல்லாரும் ஏசியைப் போடுவாங்க, கரண்டு படுத்துக்கும். அப்ப என்ன பண்ணுவே?"

"விசிறிக்குவேன். எழுதி வெச்சுக்க, ஒரு நாள் இந்தப் பெட்டியே உன்னைக் கவுக்கும்."

ஒரு மாதமாகப் படித்து, நாலு பேரிடம் கேட்டு, மனசில் முடிவு கட்டிக்கொண்டு வந்தவளிடம் யார் வாய் கொடுப்பது? விலை உயர்ந்ததைத்தான் வாங்கினாள்.

அவள் பயந்தது டிவிக்கும் ஃபிரிட்ஜுக்கும் இல்லை. கட்டிலுக்கடியில் இருக்கிற ஆக்சிஜன் மெஷினுக்கு. முப்பது வருஷம் எண்ணெய்க் கிணறு தோண்டி, அந்தத் தூசியையெல்லாம் நெஞ்சுக்குள் வாங்கிவைத்திருந்தான் வெண்டல். ஒரு காலத்தில் இரும்புக் குழாயை ஒற்றை ஆளாகத் தோளில் தூக்கினவன், இப்போது மூக்கில் குழாய் இல்லாமல் கட்டிலிலிருந்து கழிவறைக்குப் போய்வந்தாலே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அதை வெளியில் ஒரு ஈ காக்காய்க்குக்கூடத் தெரியவிடமாட்டான். முன்பு இருந்த பார்க்கில் ஒரு நாள் மூச்சு முட்டி ஆம்புலன்ஸ் வந்தது. மறுநாள் அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் சாவு வீட்டுக்குக் கொண்டுவருவதுபோல மூடி போட்ட பாத்திரங்களில் சமைத்துக்கொண்டு வந்து, "ஐயோ பாவம்" என்ற முகத்தோடு வரிசையில் நின்றார்கள். அன்றைக்கே இடத்தைக் காலி பண்ண, ட்ரெய்லரை வண்டியில் மாட்டச் சொல்லிவிட்டான். ரோஷம்! அந்த ரோஷத்தை எடுத்துவிட்டால் அவனிடம் மிச்சம் எலும்பும் இருமலும்தான் என்று நடீனுக்குத் தெரியும். அதனால் மாட்டினாள்.

இப்போது ஓக்லஹோமாவில், ஏரிக்கரைப் பார்க் ஒன்றில் இருந்தார்கள். ஜூலை நாலாம் தேதி, அமெரிக்கச் சுதந்திர தின வாரம். பத்து இடங்கள் கொண்ட அவர்கள் வரிசையில் பத்தும் நிரம்பிவிட்டது. எங்கே பார்த்தாலும் கொடி, அடுப்புப் புகை, வறுபடுகிற இறைச்சி வாசனை. பக்கத்து இடத்தில் ராய்ஸும் அவன் மனைவி பாட்ஸியும். ராய்ஸுக்கு வேலையே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, புதிதாக வருகிறவர்கள் ட்ரெய்லரைப் பின்னுக்கு எடுக்கத் திணறுவதைப் பார்த்து இலவச ஆலோசனை சொல்வதுதான். நடீன் வந்த அன்று, ப்ளக்கைச் சொருகுவதற்கு முன் கம்பத்தைச் சோதித்ததைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். "இருபது வருஷமா நேராச் சொருகுறேன் தாயி, எனக்கு ஒண்ணும் ஆகல!" என்றான். வெண்டல் அதை உள்ளேயிருந்து கேட்டுக் குஷியாகத் தலையாட்டினான்.

நாலாம் தேதி மத்தியானம் வெயில் நூற்று ஆறு டிகிரி. ஏரிக்குப் போனவர்கள்கூடச் சூடு தாங்காமல் திரும்பி வந்து ஏசியைத் தட்டினார்கள். வரிசைக்கு வருகிற ஒரே லைனிலிருந்து பத்து ட்ரெய்லரும் ஒரே நேரத்தில் கரண்டை உறிஞ்சின. திரையில் எண் இறங்க ஆரம்பித்தது. நூற்று நாலுக்குக் கீழே போனதும் அடியில் 'டக்' என்றது. ஏசி நின்றது. கட்டிலுக்கடியில் ஆக்சிஜன் மெஷின் நீளமாக ஒரு கூப்பாடு போட்டு அடங்கியது.

நடீன் பதறவில்லை. மூலையிலிருந்த சின்ன சிலிண்டரை இழுத்து, குழாயை அதில் மாற்றி, திருகிவிட்டாள். பிறகுதான் முள்ளைப் பார்த்தாள். கால்வாசிதான் இருந்தது. புது சிலிண்டர் லீவு முடிந்துதான் வரும். இவர்கள் வண்டியோ பிரேக் வேலைக்கு ஊருக்குள் போய், பட்டறைக்காரனும் லீவு போட்டுவிட்டுப் போனதில் அங்கேயே சக்கரம் கழன்று நின்றது. பார்க் மேனேஜருக்குப் போன் அடித்தாள். அந்த ஆள் படகிலே ஏரி நடுவில் இருந்தானோ என்னவோ, எடுக்கவில்லை.

"பாத்தியா?" என்றான் வெண்டல், மூச்சுக்கு நடுவில். "எல்லார் ஏசியும் ஓடுது. நம்மளுது மட்டும்... உன் பெட்டி... சொன்னேன்ல? அந்தத் திரைக்குக் கீழ ஒரு சுவிட்ச் இருக்கே, அதைத் தட்டு. நேராக் கரண்டு வரும்."

"வரும். செத்த கரண்டு. அவங்க ஏசி கருகுனா அவங்க புதுசு வாங்கிக்குவாங்க. உன் மெஷின் கருகுனா இந்த லீவுல நான் எங்க போய் வாங்குவேன்?"

"வெந்து சாகறதுக்கு அது மேல்."

"ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டுமா?"

"கூப்பிட்டுப் பாரு!"

"சரி, பாட்ஸிகிட்ட போய் அவங்க வீட்டுல உக்காரு."

"மூக்குல குழாயோடயா? அந்த ராய்ஸ் முன்னாடியா?" கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவனுக்கு, கோபத்தில். "நடீன், என்னைப் பத்தி வெளிய ஒரு வார்த்தை போகக்கூடாது. சொல்லு, சத்தியமாச் சொல்லு."

அவள் திரையைப் பார்த்தாள். தொண்ணூற்றைந்து. ஈரத் துண்டை அவன் கழுத்தில் போட்டாள். ஆணியிலிருந்த வைக்கோல் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"உன்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லமாட்டேன் கிழவா. சத்தியம்."

கதவு சாத்திக்கொண்டது. வெண்டல் ஜன்னல் சீலையை ஒரு விரலால் விலக்கினான்.

நேராக ராய்ஸிடம்தான் போனாள். கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொன்னாள். ராய்ஸ் முதலில் வாயைப் பிளந்தான், பிறகு தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான். சிரித்துக்கொண்டே இவர்கள் ட்ரெய்லரைத் திரும்பிப் பார்த்தான். வெண்டலுக்கு நெஞ்சு எரிந்தது. சொல்லிவிட்டாள்! நாற்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவள், நாலடி நடந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். நான் இங்கே மூச்சுக்குத் தவிப்பது அவனுக்குச் சிரிப்பாக இருக்கிறது.

அப்போது ராய்ஸ் வீட்டு ஏசி நின்றது. திரையில் எண் ஒன்று ஏறியது.

நடீன் அடுத்த வீட்டுக்குப் போனாள். அங்கேயும் பேச்சு, அங்கேயும் சிரிப்பு, அங்கேயும் இரைச்சல் அடங்கியது. அடுத்தது. அதற்கடுத்தது. வெண்டல் திரையையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. சர்க்கரை தீர்ந்தால்கூடப் பக்கத்து வீட்டில் கேட்காமல் காபியைக் கசப்பாகக் குடிப்பவள் அவள். யாரிடமும் கை நீட்டினதில்லை. அவள் இந்தக் கொதிக்கிற வெயிலில் ஒவ்வொரு படியாக ஏறி, பண்டிகை நாளில் குளிர்ந்த அறையில் உட்கார்ந்திருக்கிற அந்நியர்களிடம் ஏசியை அணைக்கச் சொல்கிறாள். அணைக்கிறார்களே! அடேயப்பா, என்ன பொம்பளை இவள் என்று அந்தக் கோபத்திலும் தோன்றத்தான் செய்தது.

நூற்று மூன்றில் எண் நின்றுவிட்டது.

வரிசைக் கடைசியில் ஒரு பெரிய வண்டி. அதன் தலையில் இரண்டு ஏசி. வாசலுக்கு வந்த பெண் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். கதவைச் சாத்திக்கொண்டாள். நடீன் நகரவில்லை. மறுபடி தட்டினாள். திறக்கவில்லை. தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்படியே வெயிலில் நின்றாள். சிலிண்டர் முள் சிவப்புக்கோட்டைத் தொட்டிருந்தது. வெண்டல் மூச்சைச் சின்னச் சின்னதாக எடுத்தான். சுவிட்ச் இரண்டடி தூரத்தில்தான் இருந்தது. எழுந்து போய் அதன்மேல் விரலையும் வைத்தான். ஜன்னல் வழியே அவள் முதுகைப் பார்த்தான். விரலை எடுத்துவிட்டான்.

அதற்குள் பாட்ஸி புறப்பட்டாள், கையில் தர்ப்பூசணித் துண்டோடு. அவள் பின்னால் ராய்ஸ். அவன் பின்னால், ஏசியை அணைத்துவிட்டு உள்ளே இருக்க முடியாமல் வெளியே வந்திருந்த அத்தனை பேரும். வேர்த்து வழிந்துகொண்டு, கூச்சல் போட்டுக்கொண்டு, கல்யாணக் கும்பல் மாதிரி போய் அந்த வாசலில் நின்றார்கள். என்ன பேசினார்களோ, கடைசியில் அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டாள். இரண்டு ஏசியும் நின்றன.

நூற்று ஐந்து. நூற்று ஆறு. நூற்று ஏழு.

கரண்டு சரியான பிறகும் அந்தப் பெட்டி இரண்டு நிமிஷம் பொறுத்துப் பார்த்துத்தான் உள்ளே விடும். அவ்வளவு நிதானம் அதற்கு. வெண்டல் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். சிலிண்டரில் சீறல் நின்றுபோயிருந்தது. 'டக்.' ஏசி உறுமியது. மெஷின் எழுந்துகொண்டது. குழாயை அதில் மாட்டி, கண்ணை மூடி, இழுத்தான். இன்னொரு தரம் இழுத்தான்.

கண்ணைத் திறந்தபோது ஜன்னலுக்கு வெளியே ராய்ஸ் குரல்.

"யோவ் வெண்டல்! பந்தயத்துல மண்ணைக் கவ்விட்டியாமே! வெளிய வாய்யா!"

பந்தயமா? எந்தப் பந்தயம்?

"கடையிலயே சொன்னியாம்ல, அந்தப் பெட்டி இவளைக் கவுக்கும்னு! சுவிட்சைத் தட்டாம ஏசி ஓடிச்சுன்னா இவ ஜெயிச்சான்னு பந்தயமாம்! 'கல்யாணம் ஆனதுலருந்து அந்தக் கிழவன் ஒரு நாளும் நான் சொன்னது சரின்னு ஒத்துக்கிட்டதில்ல, இன்னைக்கு ஒரு நாள் என்னை ஜெயிக்க வைங்க'ன்னு வீடு வீடாக் கெஞ்சுறா! இதுக்காகவே வேகலாம்யா நாங்க!"

"எங்களுக்குப் பந்தயம்கூட வேணாம்" என்று பாட்ஸி குறுக்கிட்டாள். "புருஷன்காரன் ஒத்துக்கணும்னு சொன்னதும் எல்லாப் பொம்பளைங்களும் ஏசியை அணைச்சிட்டோம்."

வெண்டலுக்கு அப்போதுதான் புரிந்தது. சத்தியத்தை மீறவில்லை அவள். அவனைப் பற்றி ஒரு வார்த்தை போகவில்லை. தன்னைத்தான் ஊர் சிரிக்கக் கொடுத்திருக்கிறாள், பந்தயப் பைத்தியம் பிடித்த கிழவி என்று.

"வெளிய வந்து ஒத்துக்கச் சொல்லு!" என்று யாரோ கத்தினார்கள். எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள்.

"விடுங்கப்பா" என்று நடீனின் குரல் கேட்டது. கமறிப்போயிருந்தது. "அவன் எங்க வரப்போறான். தோத்த கோபத்துல போர்வையைப் போத்திக்கிட்டுப் படுத்திருப்பான். ரொம்ப நன்றி, எல்லாரும் போய் நிழல்ல உக்காருங்க."

வெண்டல் எழுந்தான். மெஷினின் குழாய் நீளமானது, வாசற்படி வரை வரும். தாழ்ப்பாளைத் திறந்து, கதவை முழுசாகத் தள்ளினான்.

கூச்சல் நின்றது. ராய்ஸின் சிரிப்பு பாதியில் நின்றது. அத்தனை கண்ணும் அவன் மூக்கிலிருந்த குழாயைப் பார்த்தன, அது போகிற வழியைப் பார்த்தன.

"பந்தயமும் இல்ல ஒண்ணும் இல்ல" என்றான் வெண்டல். மூச்சு வாங்கிக்கொண்டான். "இது... ஓடணும். அதுக்குத்தான் கேட்டா. நான் கேட்ட மலிவுப் பெட்டியை வாங்கியிருந்தா... இன்னைக்கு மெஷின் போயிருக்கும். நானும்." இன்னொரு மூச்சு. "அவ சொன்னதுதான் சரி. அன்னைக்கும் சரி. இன்னைக்கும் சரி. நான்தான் ஒத்துக்கல."

ராய்ஸ் மெதுவாகத் தொப்பியைக் கழற்றினான். யாரும் தங்கள் ஏசியைப் போட உள்ளே போகவில்லை.

அவ்வளவு நேரம் கலங்காத நடீன் படியில் தொப்பென்று உட்கார்ந்து, தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. தொப்பிக்குள்ளிருந்தே திட்டினாள்.

"கதவைச் சாத்துடா கிழவா. குளிரெல்லாம் வெளிய போகுது."

வெண்டல் கதவைச் சாத்தவில்லை. எல்லாரும் பார்க்க, குழாயைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மெதுவாகக் குனிந்து படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.