கன்னி ராசிக்காரனின் காய்ச்சல்

என் மகன் ஆரணனுக்கு இருபத்துநான்கு வயது, ஆறடி மூன்று அங்குலம். எங்கள் பரம்பரையில் கதவு நிலையில் தலையை இடித்துக்கொண்ட முதல் ஆள் அவன்தான். சுவிட்சர்லாந்தின் முதற்தரக் கூடைப்பந்து லீக்கில் ரைன் ஃபால்கன்ஸ் கழகத்துக்காக விளையாடிய ஒரே தமிழனும் அவன்தான் என்று எழுத எனக்கு ஆசை. எழுத முடியாது. அவன் விளையாடவில்லை. இரண்டு பருவங்களாக ஆடுகள ஓரத்து வாங்கில் உட்கார்ந்திருந்தான்.

லீக்கின் இணையத்தளத்தில் அவனுக்கென்று ஒரு பக்கம் இருந்தது. படம் நன்றாகத்தான் இருந்தது. படத்துக்குக் கீழே ஆட்டங்கள் 0, நிமிடங்கள் 0, புள்ளிகள் 0. வேலைக்குப் போகும் பஸ்ஸில் நான் தினமும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். நான் பார்க்காத நேரத்தில் அவன் யாருக்கும் சொல்லாமல் விளையாடியிருப்பான் என்ற நினைப்போ என்னவோ.

அந்தப் பூச்சியம் அவன் நெஞ்சிலும் கிடந்தது. பருவம் முடிந்ததும் ஒப்பந்தம் முடிகிறது. அதன்பிறகு வின்டர்தூரில் முழுநேர மின்சார வேலை, பந்து இனிப் பொழுதுபோக்குத்தான் என்று தீர்மானித்துவிட்டான்.

"ஒரு நிமிசம் இறங்கினாலும் காணும் அப்பா. பிறகு ஆரும் கேட்டால் நானும் விளையாடினனான் எண்டு சொல்லலாம்" என்றான். பெரிய ஆசை ஒன்றும் இல்லை, பாருங்கள். ஒரே ஒரு நிமிடம்.

2020ஆம் ஆண்டு பெப்ரவரி கடைசிச் செவ்வாய்க்கிழமை அவன் சப்பாத்தைக் கழற்றாமலே சமையலறைக்குள் வந்தான். பயிற்றுநர் ஸ்லாவ்கோ சொல்லிவிட்டாராம். இரண்டு பேருக்குக் கால் சுளுக்கு. சனிக்கிழமை ஆரணன் இறங்குகிறான். ஸ்லாவ்கோ சேர்பியர். அவர் சாதாரணமாகக் கதைத்தாலே சண்டை பிடிப்பதுபோல இருக்கும். அப்படிப்பட்ட மனிதர் தோளில் தட்டிச் சொன்னார் என்றால் அது பத்திரத்தில் எழுதியதற்குச் சமம்.

நான் உடனே கோயில் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டேன். குழுவை நடத்தும் தவச்செல்வன் ஐந்து நிமிடத்தில் இரண்டு வான் ஒழுங்கு செய்துவிட்டான். எங்கள் ஊர் ஷாஃப்ஹவுசனில் உள்ள தமிழர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கூடைப்பந்தில் எத்தனை பேர் என்று தெரியாது. ஆனாலும் நம் பிள்ளை என்றால் போகத்தானே வேண்டும்.

என் மனைவி கஜலக்சுமி மட்டும் சாமியறைக்குப் போய்ப் பஞ்சாங்கத்தோடு வந்தாள்.

எங்கள் வீட்டில் நாள் பாராமல் நடந்த காரியம் எதுவும் இல்லை. ஆரணனுக்கு ஏடு தொடக்கியதும் நாள் பார்த்துத்தான். அவன் கார் ஓட்டும் பரீட்சைக்குப் போனதும் நாள் பார்த்துத்தான். அதிகாரிகள் கொடுத்த திகதியை இரண்டு முறை மாற்றினாள். மூன்றாவது திகதியில் சித்தியடைந்தான். அதற்குப் பிறகு அவளோடு யார் வாதாடுவது?

ஆரணன் குளிக்கப் போன பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள்.

"சனிக்கிழமை பிள்ளைக்குச் சந்திராஷ்டமம். அவன் கன்னி ராசியெல்லோ. சந்திரன் மேடத்திலை நிக்குது. முதல் முதல் இறங்கிற நாள், இப்பிடியோ இறங்கிறது?"

"இது விளையாட்டடியப்பா. கலியாணமே?"

"விளையாட்டெண்டால் கால் முறியாதோ? ரெண்டு பேருக்கு முறிஞ்சுதானே இவனுக்கு இடம் வந்தது."

சுளுக்குக்கும் முறிவுக்கும் வித்தியாசம் உண்டு என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்குப் பஞ்சாங்கத்தில் நம்பிக்கை இல்லை. கஜலக்சுமியின் கண்ணீரில் பயம் உண்டு.

"ஞாயிறோடை விலகிப்போடும். அதுக்கு அடுத்த ஆட்டத்திலை இறங்கட்டுமன். நீங்கள் ஆரோடையும் கதைச்சு நாளை மாத்துங்கோ. அவனுக்குச் சொல்லாதேங்கோ, கத்துவான்" என்றாள்.

"விடு, நான் பாக்கிறன்" என்றேன். இந்த மூன்று சொற்களாலும் என் வாழ்க்கையில் நன்மை விளைந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கழக அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். என்ன சொல்வது? சந்திரன் எட்டாம் இடத்தில் நிற்கிறது, ஆகையால் என் மகனை இறக்காதீர்கள் என்றா? ஒரு சுவிஸ்காரியிடம் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. என்னிடம் கைகண்ட மருந்து ஒன்று இருந்தது. நான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் இருபத்தெட்டு வருடமாக வேலை செய்கிறேன். யார் வீட்டில் கலியாணம், யார் மகளுக்குச் சாமத்தியவீடு என்றாலும், லீவு கிடைக்காத சனிக்கிழமைகளில் எனக்குக் காய்ச்சல் வரும். செஃப் ஒரு கேள்வியும் கேட்கமாட்டார். நலம்பெறுக என்று சொல்லி வைத்துவிடுவார்.

"ஆரணனுக்குக் காய்ச்சல்" என்றேன் டொச்சு மொழியில். "கொஞ்சம் இருமலும் இருக்கிறது."

மறுமுனையிலிருந்து நலம்பெறுக வரவில்லை.

"மூச்சு விடக் கஷ்டப்படுகிறாரா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

பொய்யை அரைகுறையாக விடக்கூடாது என்று நினைத்து, "கொஞ்சம்" என்றேன்.

"அண்மையில் இத்தாலிக்குப் போனாரா?"

மூன்று கிழமைக்கு முன்னர் மிலானில் என் மைத்துனியின் மகள் கலியாணம். குடும்பத்தோடு போய்வந்தோம். "ஓம், மிலானுக்கு" என்றேன். அந்த உரையாடலில் நான் சொன்ன ஒரே உண்மை அதுதான். அதுதான் கெடுத்தது.

நாட்டின் முதல் கொரோனா நோயாளியை அதே கிழமைதான் இத்தாலி எல்லையோரத் திச்சினோவில் கண்டுபிடித்திருந்தார்கள். நான் செய்தி கேட்கிற ஆள்தான். ஆனால் காய்ச்சல் என்பது என்னைப் பொறுத்தவரை நோய் அல்ல, லீவுக்கான சொல். அந்தச் சொல்லின் பெறுமதி ஒரே கிழமையில் இப்படி ஏறிப்போகும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஒரு மணி நேரத்தில் ஆரணன் வீட்டுக்கு வந்துவிட்டான். நொய்ஹவுசனில் ஏணியில் ஏறி நின்று வயர் இழுத்துக்கொண்டிருந்தவனைக் கழக வைத்தியர் அழைத்து, யாரையும் தொடாமல் இறங்கி வீட்டுக்குப் போ என்றாராம்.

"ஆர் சொன்னது எனக்குக் காய்ச்சலெண்டு?"

கஜலக்சுமி என்னைப் பார்த்தாள். நான் சோற்றுப் பானையைப் பார்த்தேன்.

"ராத்திரி நீ இருமினனி தம்பி" என்றேன். "நான் பயந்திட்டன்."

அவன் ஸ்லாவ்கோவை அழைத்து, தனக்கு ஒன்றுமே இல்லை என்று கெஞ்சினான். ஆட்டத்துக்கு முதல்நாள் எல்லா வருத்தக்காரனும் அப்படித்தான் சொல்வான் என்று ஸ்லாவ்கோ கத்தியது எனக்கே கேட்டது. மாலையில் வெள்ளை உடுப்பால் தலைமுதல் கால்வரை மூடிய இரண்டு பேர் வந்து ஆரணனின் மூக்குக்குள் குச்சியை விட்டார்கள். கீழ்வீட்டு அம்மையார் பொதுச் சலவையறைக் கதவில் ஒரு கடதாசி ஒட்டினார். எங்கள் சலவை நாள் மறு அறிவித்தல்வரை இல்லையாம். இருபத்தெட்டு வருடத்தில் எங்களிடமிருந்து யாரும் பறிக்காத உரிமை அது. முதியோர் இல்லத்திலிருந்து செஃப் அழைத்து, நானும் இரண்டு கிழமைக்கு வரக்கூடாது என்றார். அவருக்கு யார் சொன்னது என்று இன்றுவரை தெரியாது.

தவச்செல்வன் தொலைபேசி எடுத்தான். "அண்ணை, மெய்யே? உங்கடை வீட்டிலையோ முதல் முதல் வந்தது?" என்று கேட்டான். குரலில் அனுதாபம் இருந்தது. கொஞ்சம் பெருமையும் இருந்தது, எங்கள் ஊருக்குத்தான் முதலாவது என்பதுபோல. வான் இரண்டையும் நிறுத்திவிட்டு, எங்கள் வீட்டுப் பக்கம் யாரும் போகவேண்டாம் என்று குழுவில் போட்டான். கீழே கைகூப்பும் படம் ஒன்று.

சனிக்கிழமை ஆட்டத்தை மடிக்கணினியில் பார்த்தோம். ஆரணனுக்குப் பதிலாகக் கனிஷ்ட அணியிலிருந்து ஒரு பதினேழு வயதுப் பையனைக் கூட்டிவந்திருந்தார்கள். அவன் இறங்கி ஒன்பது புள்ளி எடுத்தான். ஆரணன் கை தட்டினான். அந்தக் கை தட்டலை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. குப்பை போடுகிறேன் என்று எழும்பினேன். வெளியே போகக்கூடாது என்று கஜலக்சுமி ஞாபகப்படுத்தினாள். குப்பைப் பையோடு திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

திங்கட்கிழமை பரிசோதனை முடிவு வந்தது. நோய் இல்லை. ஆனாலும் மிலான் மிலான்தான், பதினான்கு நாள் முடியாமல் மண்டபத்துக்குள் கால் வைக்கக்கூடாது என்று கழக வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஒரு மூன்றறை வீட்டில் மூன்று பேர் பதினான்கு நாள். முதல் நாள் ஆரணன் என்னோடு கதைக்கவில்லை. அதை என்னால் தாங்க முடிந்தது. மூன்றாம் நாள் அவனே தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"பரவாயில்லை அப்பா. பயத்திலைதானே சொன்னனீங்கள்" என்றான்.

அதைத்தான் தாங்க முடியவில்லை. அப்போதே சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. சீனி காணாது என்று சொன்னேன்.

அப்படியிருக்க, பதினான்கு நாள் முடிவது மார்ச் பதின்மூன்று, வெள்ளிக்கிழமை. அடுத்த நாள் சனிக்கிழமை சொந்த மண்டபத்தில் ஆட்டம். மற்ற இருவருக்கும் கால் இன்னும் சரிவரவில்லை. ஸ்லாவ்கோ உறுதியாக இறக்குவதாகச் சொல்லிவிட்டார். கஜலக்சுமி பஞ்சாங்கத்தைத் திறந்தாள். கன்னி ராசிக்குச் சந்திரன் மூன்றாம் இடம், தொட்டது துலங்கும் நாள். அவள் முகத்தைப் பார்க்கவேண்டுமே! எனக்கே என் பொய்யில் ஒரு மரியாதை வந்துவிட்டது. பார்வையாளர் இல்லாத ஆட்டம்தான். இருக்கட்டும், மண்டபத்தில் யார் இருந்தாலென்ன, இணையத்தளத்தில் எண் ஏறும்தானே. ஆரணன் வரவேற்பறையில் படுத்தெழும்பிப் பயிற்சி செய்தான். கீழ்வீட்டு அம்மையார் தும்புத்தடியால் கூரையில் இடித்தார். அந்த ஒரு கிழமை எங்கள் வீடு கலியாணவீடுபோல இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மத்திய அரசின் அமைச்சர்கள் தொலைக்காட்சியில் தோன்றினார்கள். பள்ளிக்கூடம் இல்லை, கூட்டம் இல்லை என்றார்கள். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். ஆரணனின் கைபேசி ஒலித்தது. வாசித்துவிட்டு மேசையில் கவிழ்த்து வைத்தான்.

"சீசன் முடிஞ்சுதாம்" என்றான். "தள்ளி வைக்கேல்லை. முடிஞ்சுது. வெற்றிக் கிண்ணம் ஆருக்கும் இல்லை. எல்லாம் இப்ப இருக்கிறபடியே இருக்குமாம்."

இப்போது இருக்கிறபடி என்றால் 0, 0, 0. கஜலக்சுமி அவன் தலையைத் தடவினாள். அவன் எழும்பி அறைக்குள் போய்க் கதவை மெதுவாகச் சாத்தினான். அடித்துச் சாத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் அவனுடைய சாமான்களை எடுக்கப் போனோம். ஐந்து ஐந்து பேராக வரச் சொல்லியிருந்தார்கள். மண்டபத்தில் பாதி விளக்குத்தான் எரிந்தது. ஸ்லாவ்கோ தனியாக நின்று பந்துகளை எண்ணி வலைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். ஆரணன் இரண்டு மீற்றர் தள்ளி நின்று நன்றி சொன்னான். அவர் தலையாட்டினார். அந்த முரட்டு மனிதரின் மூக்கு சிவந்திருந்தது.

என்னால் பொறுக்க முடியவில்லை.

"அவனுக்குக் காய்ச்சல் இல்லை" என்றேன். "ஒருநாளும் இருக்கவில்லை. நான் பொய் சொன்னேன். சந்திரன்."

"சந்திரன்?" என்றார் ஸ்லாவ்கோ.

இருபத்தெட்டு வருட டொச்சையும் திரட்டிச் சந்திராஷ்டமத்தை விளக்கினேன். சந்திரன் எட்டாவது வீட்டுக்குப் போனால் புதிய காரியம் தொடங்கக்கூடாது, அது இரண்டேகால் நாள் நிற்கும், பிறகு போய்விடும் என்றேன். ஆரணன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். ஸ்லாவ்கோ சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

"என் தாய் செவ்வாய்க்கிழமையில் என்னைப் பயணம் போக விடமாட்டாள்" என்றார். "இப்போதும் விடமாட்டாள். அந்தச் சந்திரன் எப்போது போனது?"

"ஞாயிற்றுக்கிழமை."

அவர் கையிலிருந்த பந்தைக் கீழே வைத்தார்.

"புதன்கிழமை எங்களுக்கு வெளியூர் ஆட்டம் இருந்தது. சந்திரன் என்று சொல்லியிருந்தால் சனிக்கிழமை வாங்கில் வைத்துவிட்டுப் புதன்கிழமை இறக்கியிருப்பேன். எனக்கென்ன? காய்ச்சல் என்று சொன்னீர்கள். காய்ச்சல் என்றால் நான் வைத்தியரிடம்தானே போகவேண்டும்?"

"புதன்கிழமை எத்தனை நிமிடம் தந்திருப்பீர்கள்?" என்று ஆரணன் கேட்டான்.

ஸ்லாவ்கோ பொய் சொல்லியிருக்கலாம். அந்த மனிதருக்கு அது தெரியாது. "பன்னிரண்டு" என்றார். "பதினைந்தும் இருக்கும்."

வாகனத் தரிப்பிடம்வரை ஆரணன் எனக்கு முன்னால் நடந்தான். சப்பாத்துப் பை அவன் தோளில் இருந்தது. சிரிப்பார்களே என்று நான் மறைத்த ஒன்றுக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. என் வெட்கம் பிள்ளையின் பதினைந்து நிமிடத்தைத் தின்றுவிட்டது. எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

காரடியில் நின்றான்.

"அவருக்குச் சொல்ல வெக்கமெண்டால் எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாம் அப்பா" என்றான். "கத்தியிருப்பன். கத்திப்போட்டு அம்மாவுக்காக ஒருநாள் வாங்கிலை இருந்திருப்பன். ரெண்டு வருசமா இருந்தனான்தானே."

"பிழை என்னிலைதான் தம்பி. மன்னிச்சுக்கொள்" என்றேன். பெற்ற பிள்ளையிடம் அந்தச் சொல்லை நான் முன்பு சொன்னதில்லை. எப்படிச் சொல்வது என்றுகூடத் தெரியாமல் கார்க் கதவைப் பார்த்துச் சொன்னேன்.

அவன் கையை நீட்டினான்.

"திறப்பைத் தாங்கோ. நான் ஓட்டுறன். அழுதுகொண்டு ஓட்டேலாது."

"ஆர் அழுதது?" என்றேன்.

அவன் கையை எடுக்கவில்லை. திறப்பைக் கொடுத்துவிட்டு மற்றப் பக்கத்தில் போய் ஏறினேன்.