கிரேஸ் பணியில் இருக்கிறாள்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்கு வரும் மின்சார ரயிலில், எதிர் இருக்கைப் பெண் தன் தோழியிடம் சொன்னாள்: “நான் லீவுலதான்டி இருந்தேன். என் ஹெல்மெட்டுதான் டூட்டி பாத்துக்கினு இருந்துச்சு.” பொன்னேரியில் இருவரும் இறங்கிவிட்டார்கள். மிச்சத்தை நான் இட்டுக்கட்டினேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘சிப்காட் புகைபோக்கிகளின் மேல் சூரியன் சிவந்து’

(அடித்துவிட்டேன். ஷிப்டுக்கு ஓடுகிறவள் சூரியனை எங்கே பார்த்தாள்?)

அடுத்து: ‘பெரிய நிறுவனங்கள் ஸ்டார்ட்அப்களோடு கைகோத்துத் தங்கள் தரவுகளை’. இது கட்டுரை. ஆனால் விஷயம் என்னவோ இதுதான். பிளாஸ்டிக் நாற்காலி செய்யும் பெரிய கம்பெனி ஒன்றில் வருடக்கணக்கான தரவுகள் மலைபோலக் கிடந்தன. யாரும் திறந்து பார்த்ததில்லை. சென்னையிலிருந்து விஜயகுமார் என்ற இளைஞனின் ஸ்டார்ட்அப் வந்து, ‘அதை நாங்கள் பேச வைக்கிறோம்’ என்றது. சால்வை போர்த்தினார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பிறகு மெஷின்களிலும் தொழிலாளர்களின் ஹெல்மெட்டுகளிலும் சென்சார் ஏறியது.

தரவு பேசத் தொடங்கியது. அது சொன்ன முதல் செய்தி: நாலாம் மெஷின் பக்கத்தில் கிரேஸ் இருந்தால் நாற்காலிக் கால் உடைவதில்லை.

3

கிரேஸின் வேலை, வெளியே வரும் நாற்காலிகளில் உட்கார்ந்து பார்த்து அனுப்புவது. அவளைப் பெரிய கெட்டிக்காரியாக எழுதிவிடலாமா என்று ஆசைப்பட்டேன். மெஷின் சத்தத்தை வைத்தே கோளாறைக் கண்டுபிடிக்கிறவளாக

(இல்லை.) எல்லோரையும் போல வேலை பார்த்தாள், டீ நேரத்தில் ரீல்ஸ் பார்த்தாள். கால் ஏன் உடையவில்லை என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.*

* தரவுக்கும் தெரியாது. ‘ஏன்’ என்பது இரண்டாம் கட்ட ஒப்பந்தத்தில்தான் வருகிறதாம்.

அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை ஸ்டீவன், பக்கத்துக் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். லீவு கேட்டாள். விஜயகுமாரின் சிஸ்டம் மறுத்துவிட்டது: அவள் போனால் கால் உடையுமாம். மேனேஜர் லோகநாதன் கெட்டவர் இல்லை. நான் கொடுத்துவிடுவேன், சிஸ்டம்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது என்று வருத்தப்பட்டார். வேண்டுமானால் கல்யாணத்தை நாலாம் மெஷின் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம், நாற்காலிக்குப் பஞ்சமில்லை என்றும் சொன்னார். கிரேஸ் பாத்ரூமில் போய் அழுதாள். அழுதுவிட்டு, பாதிரியார் ஃபேக்டரிக்கு வருவாரா என்று போனில் விசாரித்தும் பார்த்தாள். அதை எழுதும்போது எனக்கே சங்கடமாக இருந்தது.

வழி கண்டுபிடித்தவன் விஜயகுமார். சிஸ்டத்துக்குத் தெரிவது ஹெல்மெட் மட்டும்தான். அதை மெஷின் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டுப் போனால் போதும் என்றான்.

மாட்டினாள். சர்ச்சில் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஒரு கால்கூட உடையவில்லை.

(இங்கேயே முடித்திருக்கலாம். கதை எல்லோருக்கும் பிரியாணியோடு முடிந்திருக்கும்.)

4

திரும்பி வந்தபோது, ஹெல்மெட் ‘மாதத்தின் சிறந்த பணியாளர்’ ஆகியிருந்தது. அது டீக்குப் போவதில்லை, பேசுவதில்லை, ஆணியை விட்டு அசைவதில்லை. லோகநாதன் அவள் முகத்தைப் பார்க்காமல், ஹெல்மெட்டே போதும், நீ வீட்டுக்குப் போகலாம் என்றார்.

கிரேஸ் ஸ்டீவனின் கம்பெனியில் வேலை கேட்டுப் போனாள். அங்கேயும் விஜயகுமாரின் சிஸ்டம்தான். ஆபீஸ் பெண் அவள் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, நீங்கள் இந்த நிமிடம் அங்கே நாலாம் மெஷினில் வேலை செய்துகொண்டிருக்கிறீர்களே என்றாள். நான் உங்கள் முன்னால் நிற்கிறேனே என்றாள் கிரேஸ். அந்தப் பெண் அவளைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், திரையையே நம்பினாள்.

“இன்னா பேஜாரு பாரு,” என்றாள் கிரேஸ், ஸ்டீவனிடம். “வேலைல இருக்கறதால எனக்கு வேலை கெடைக்கல.”

ஸ்டீவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டான்.

“நாளைக்குப் போயி நேராவே கேளு. கம்பெனி கேட்டாண்ட நான் நிக்கறேன்.”

5

மறுநாள் பார்த்து, கூட்டு முயற்சியின் வெற்றியைக் காண ஹெட் ஆபீஸிலிருந்து பெரியவர்கள் வந்திருந்தார்கள். நாலாம் மெஷினுக்கு எதிரே பெரிய திரை. கிரேஸ் நேராக லோகநாதனிடம் போய் நின்றாள்.

“நான் வேலைல இருக்கேனா இல்லையா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க சார்.”

அவர் திரையைப் பார்த்தார்.

“இருக்கேம்மா. நல்லாத்தான் பண்ணிக்கினு இருக்கே.”

கிரேஸ் ஆணியிலிருந்து ஹெல்மெட்டை எடுத்தாள். சென்சாரைத் திறந்து பேட்டரியைக் கழற்றினாள். திரை சிவந்தது: ‘கிரேஸ் பணியில் இல்லை.’

6

இதற்குப் பிறகு நான் எழுதிய முடிவுகள்:

பெரியவர்கள் உட்கார்ந்திருந்த நாற்காலிகளின் கால்கள் எல்லாம் ஒரே சமயத்தில் உடைகின்றன. (வேடிக்கைதான். கிரேஸுக்கு என்ன லாபம்?)

ஒன்றும் உடையவில்லை, எல்லோரும் திருந்துகிறார்கள். (நீங்களே நம்ப மாட்டீர்கள்.)

ஹெல்மெட் மெதுவாக வாயைத் திறந்து

(இல்லை.)

அடித்ததெல்லாம் போக மிஞ்சியது இதுதான். விஜயகுமார், கிரேஸ் எங்கே, கிரேஸ் எங்கே என்று ஓடினான். அவளை இடித்துவிட்டு, சாரி சொல்லிவிட்டு ஓடினான். லோகநாதன் வேர்த்து விறுவிறுத்துப் போனை எடுத்து, உடனே கிளம்பி வரச் சொல்வதற்காக அவள் நம்பரைப் போட்டார். கைநீட்டினால் தொடுகிற தூரத்தில், கிரேஸின் கையில் போன் அடித்தது. அவருக்கு அதுவும் கேட்கவில்லை.

எடுத்தால் அந்த நிமிடமே வேலை திரும்பக் கிடைத்துவிடும். எடுக்காவிட்டால், கேட் பக்கம் நடந்தால் போதும், தடுக்க ஒருவரும் இல்லை. எனக்கு இரண்டும் சம்மதம்தான், இரண்டும் பயமாகவும் இருக்கிறது. அதனால் பேனாவை மூடிவிட்டேன்.

போன் இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கூடத்தில் அவள் நிற்பது தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். எடுக்கட்டுமா, நடக்கட்டுமா? சொல்லுங்கள்.