குடத்தி செத்த ஞாயிற்றுக்கிழமை

வீரபத்திரன் படியேறி வந்து உட்கார்ந்ததும், அவன் மணிக்கட்டில் இருந்த கயிறுதான் ஆனந்தகுமாரின் கண்ணில் முதலில் பட்டது. தேங்காய்நாரில் திரித்த பொடிக் கயிறு. பக்கத்தில் உட்கார்ந்த அசோக்கின் கையிலும் அதே கயிறு.

"என்னலே இது?"

"நாங்களும் குடத்தி கூட்டத்துல சேந்துட்டோம்ல" என்று வீரபத்திரன் சிரித்தான்.

அருப்புக்கோட்டையில் ஆனந்தகுமாரின் அப்பா வைத்த பெயின்ட் கடையின் மேல்மாடி அது. கடை மூடியிருக்கும் ஞாயிறு மதியங்களில் ஆறு வருடமாக அங்கேதான் ஆடுகிறார்கள். ஆளுக்கொரு வேடம் ஏற்று, வாயால் சொல்லியே நடத்துகிற கதை விளையாட்டு. கதையை நடத்துகிறவன் ஆனந்தகுமார். பிழைப்பதா சாவதா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். எண் கூடினால் பிழைக்கலாம். அந்த வெள்ளூற்று நாட்டை அவன் பன்னிரண்டு நோட்டு நிறைய எழுதி வைத்திருந்தான். பொட்டல் காட்டில் ஆழிமாறன் ஈட்டியைக் குத்த, ஊற்று பீறிட்டு, அதைச் சுற்றி எழுந்த நாடு. ஆழிமாறன் பெயரில் ஆயிரம் ஈட்டிகள் கொண்ட படை. அவன் பிறந்த நட்சத்திரம் வரை ஆனந்தகுமாருக்குத் தெரியும். கடை அப்பா வைத்தது, வீடு தாத்தா கட்டியது. அவனாக உண்டாக்கியது என்று இந்த நாடு ஒன்றுதான் இருந்தது.

மூன்று மாதத்துக்கு முன் அசோக்கின் சித்தப்பா மகள் சுபத்ரா வந்தாள். பந்தல்குடியில் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். சும்மா பார்க்க வந்தவளுக்கு, போனால் போகிறதென்று படைக்குத் தண்ணீர் சுமக்கிறவள் வேடத்தை ஆனந்தகுமார்தான் கொடுத்தான். பேர்கூட வைக்கவில்லை. அவளே குடத்தி என்று வைத்துக்கொண்டாள். அடுத்த வாரமே, படை இளைப்பாறிய நேரத்தில் குடத்தி ஒரு கதை சொன்னாள். ஆழிமாறன் வருவதற்கு முன்னால் அந்த இடத்தில் ஒரு பெண் நாற்பது நாள் தோண்டியிருந்தாள். ஈட்டிக்கு மிச்சமிருந்தது கடைசி ஒரு சாண் மண்தான். படை இதை நம்புமா என்று பகடையை உருட்டினார்கள். இருபது விழுந்தது. அன்றைக்கே பாதிப் படை வாளிக்கயிற்றைக் கையில் கட்டிக்கொண்டு, பேர் தெரியாத அந்தப் பெண்ணைக் கும்பிட ஆரம்பித்துவிட்டது.

அது தனக்கு ஏன் தோன்றவில்லை? கடையில் வண்ணம் கலக்கும்போதும் அந்த ஒரு சாண் மண் அவன் நெஞ்சை அடைத்தது. ஆறு வருடத்தில் ஆழிமாறனுக்காக ஒரு பயல் ஒரு நூலைக் கட்டியதுண்டா?

"பஸ்ஸு லேட்டுண்ணே" என்று சுபத்ரா வந்து உட்கார்ந்தாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமலே ஆரம்பித்தான்.

"தளபதி குடத்தியப் பிடிச்சுட்டாரு. ஆழிமாறனப் பழிச்ச குத்தம். கழுவேத்தணும்னு உத்தரவு. பத்துக்கு மேல விழுந்தா தப்பிச்சா."

பெயின்ட் கம்பெனியின் வண்ண அட்டையை மறைப்பாக நிறுத்தி, அதற்குப் பின்னால் பகடையை உருட்டினான். பதினேழு. அவன் கை தானாகப் போய் அதை மூடியது.

"மூணு" என்றான்.

"மூணாண்ணே?" என்று சுபத்ரா கேட்டாள்.

"மூணுதான்."

மேலே ஃபேன் சத்தமாகச் சுற்றியது. அவள் தலையை ஆட்டிவிட்டு, நிதானமாகச் சொன்னாள். "கழுவுக்குப் போற வழியில குடத்தி ஒண்ணே ஒண்ணு கேக்குறா. காவலுக்கு வந்தவனுக்குத் தாகமா இருக்கும், அவனுக்குத் தண்ணி ஊத்திட்டு வந்துர்றேன்னு."

அசோக் மூக்கை உறிஞ்சினான். ஆனந்தகுமாருக்கே அந்தக் காவல்காரன் கண்ணில் தெரிந்தான். அதுதான் அவனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"ஏலே ஆனந்து, கெடுத்துட்டியே!" வீரபத்திரன் தொடையில் தட்டினான். "அநியாயமாக் கொன்னா சாமியாயிருவால்ல? எங்கூர்ப் பக்கம் பாதிச் சாமி அப்படி ஆனதுதான. என் ஆளு ஈட்டியக் கீழ போடுறான்."

"என் ஆளும்" என்றான் அசோக். "முதப் பொங்கல் எப்பன்னு நீயே சொல்லு சுபத்ரா."

இரண்டு பேரும் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள். பகடையை யாரும் கேட்கவில்லை. எந்த மாதம், என்ன படையல், யார் முதல் குடம் எடுப்பது என்று அவள் சொல்லச் சொல்ல, ஆனந்தகுமார் அதையெல்லாம் தன் பதின்மூன்றாவது நோட்டில் எழுதினான். எழுதாமலும் இருக்க முடியவில்லை.

ஆட்டம் கலைந்து மற்ற இருவரும் படியிறங்கிய பிறகு, சுபத்ரா செருப்பை மாட்டியபடி நின்றாள்.

"ஃபேன் காத்துல அட்டை தூக்குச்சுண்ணே. பதினேழப் பாத்தேன்."

அவன் அட்டையை மடக்கி நோட்டுக்கடியில் செருகினான்.

"அவுககிட்டச் சொல்லல. பிழைச்சிருந்தா குடத்தி தண்ணிதான் சொமந்துக்கிட்டு இருந்திருப்பா. செத்தது நல்லாத்தான் இருக்கு. வாரேன்ணே."

அவள் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. தன் பொய்யைக்கூடத் தன்னைவிட நல்ல கதையாக்கிவிட்டுப் போகிறாள்.

ஜன்னலுக்குப் போனான். கீழே வெயிலில் மூன்று பேரும் நின்றிருந்தார்கள். பந்தல்குடி ஷேர் ஆட்டோ வந்து நின்று, ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போனது. சுபத்ரா ஏறவில்லை. குனிந்து, கையால் தரையைத் தோண்டுவதுபோல் காட்டி ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். அவர்களும் குனிந்து தார் ரோட்டையே உற்றுப் பார்த்தார்கள். ஆனந்தகுமார் சூடேறிய ஜன்னல் கம்பியில் காதை ஒட்டவைத்துக்கொண்டு நின்றான்.