கோட்வாலி வாசலில் மூன்று மணி

விடியற்காலைத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது எந்தாஜுலுக்கு போன் வந்தது. அக்கா மகன் ஜியாருல்.

"மாமா, அம்மா போயிட்டாங்க."

"சரிப்பா" என்றான் எந்தாஜுல்.

போனைச் சட்டைப்பையில் போட்ட பிறகுதான், இதற்குப் போய் யாராவது சரி என்று சொல்வார்களா என்று தோன்றியது. இப்படி ஒரு சேதி கேட்டால் வாயில் தானாக வரவேண்டிய வார்த்தைகள் உண்டு. அவையும் வரவில்லை.

அக்கா மர்ஜினா இருந்தது எல்லைக்கு அந்தப் பக்கம், வங்கதேசத்தில். ஏதோ கடல் கடந்த தேசம் என்று நினைத்துவிட வேண்டாம். எந்தாஜுல் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் அவள் ஊர் மாந்தோப்பு தெரியும். அவளைக் கட்டிக்கொடுத்த காலத்தில் முள்வேலி கிடையாது. நினைத்தபோது முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வயல் வழியே நடந்து வந்துவிடுவாள், கையில் கான்சாட் ஊர் மிட்டாய்ப் பொட்டலத்தோடு. அப்புறம் வேலி வந்தது, வேலிக்கு விளக்கு வந்தது, விளக்குக்குக் காவல் வந்தது. இப்போது போவதென்றால் விசா வாங்கவேண்டும். விசா வரும்வரை மய்யித்தை வைத்திருக்க முடியாது. அன்று மாலைத் தொழுகைக்குப் பிறகு அடக்கம்.

"இன்னிக்குமா வேலைக்குப் போறீங்க?" என்றாள் மனைவி.

"கொல்கத்தா பார்ட்டி. வர்றேன்னு சொல்லியாச்சு."

நிஜக் காரணம் அதுவல்ல. வீட்டில் உட்கார்ந்தால் தெருப் பெண்கள் எல்லாம் வந்து அவன் முகத்தைப் பார்ப்பார்கள். தூக்கி வளர்த்த அக்கா செத்துப்போயிருக்கிறாள், இவனுக்குக் கண்கூட கலங்கவில்லை. உள்ளே தட்டிப் பார்த்தால் பலகையைத் தட்டுவதுபோல் இருந்தது. அவனுக்கே அது வெட்கமாக இருந்தது.

அவன் வேலை கௌர் நகரைச் சுற்றிக் காட்டுவது. ஒரு காலத்தில் வங்காளம் முழுவதற்கும் தலைநகரம் அது. இப்போது மாந்தோப்புக்கு நடுவே ஒரு மசூதி, புல்லுக்கு நடுவே ஒரு கோபுரம், ஆடு மேயும் இடத்தில் ஒரு அரண்மனை மதில். போதாக்குறைக்கு எல்லைக்கோடு வந்து நகரத்தின் தெற்குக் கோடியை வெட்டி அந்தப் பக்கம் கொடுத்துவிட்டது. மிச்சம் இருப்பதை எந்தாஜுல் இருபது வருடமாகக் காட்டிவருகிறான். எந்த இடத்தில் என்ன சொன்னால் ஆட்கள் வாயைப் பிளப்பார்கள், எங்கே சிரிப்பார்கள் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. கடைசி இடம் எல்லையிலேயே இருக்கும் கோட்வாலி வாசல். அங்கே சொல்வதற்கென்று ஒரு வேடிக்கை வைத்திருந்தான், அதுவும் இருபது வருடத்துப் பழசு.

மால்டா ஊருக்குள் ஓட்டல் வாசலில் பிஷு டோட்டோவோடு நின்றிருந்தான். மூன்று சக்கர பேட்டரி வண்டி. பிஷுவுக்கு விஷயம் எட்டியிருந்தது. தினமும் "என்ன நவாபே, அரண்மனைக்குக் கிளம்பியாச்சா?" என்று கலாய்ப்பவன், அன்று "வா, எந்தாஜுல்" என்றான். அந்த மரியாதை எந்தாஜுலுக்குப் பிடிக்கவில்லை.

"எப்படி ஆச்சு?"

"நெஞ்சு வலியாம்."

"லீவு சொல்லியிருக்கலாமில்ல?"

"வண்டிய எடு. பார்ட்டிகிட்ட ஒண்ணும் சொல்லாத."

பார்ட்டி என்பது கணவனும் மனைவியும். நிஹாரேந்து சான்யால், மின்வாரியத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதை யாரும் இன்னும் அவரிடம் சொல்லவில்லை போலிருந்தது, அப்படி ஒரு அதிகாரம். மனைவி கேதகி, பருத்திப் புடவையும் தண்ணீர்ப் புட்டியும் குடையுமாக, எதைப் பார்த்தாலும் "ஐயோ, எவ்வளவு அழகு" என்கிற ஜாதி.

தாக்கில் வாசலில் ஆரம்பித்தான். சிவப்புச் செங்கல்லில் மலைபோல் நிற்கும் கோட்டை வாசல். சுல்தான் வந்தால் பீரங்கி வெடிக்கும் என்று அவன் சொல்லிக்கொண்டிருக்கையில் போன் அடித்தது. மறுபடி ஜியாருல்.

"மாமா, அனுமதி கெடைச்சுடுச்சு! ரெண்டு பக்கமும் பேசியாச்சு. அம்மாவ கோட்வாலி வாசலுக்குக் கொண்டுவர்றோம். மூணு மணிக்கு. பத்து நிமிஷம் குடுத்திருக்காங்க. வந்துடுவீங்கல்ல?"

எல்லைக் காவல்காரர்கள் எப்போதாவது மனமிரங்கிச் செய்கிற காரியம் இது. கட்டிலோடு மய்யித்தை எல்லைக்கோடு வரை தூக்கிவரலாம். இந்தப் பக்கத்து உறவு கோட்டுக்கு இப்பால் நின்று முகம் பார்த்துக்கொள்ளலாம். தொடமுடியாது, பார்க்கலாம்.

"வந்துடறேன்" என்றான் எந்தாஜுல். "மூணு மணி."

காலையிலிருந்து அப்போதுதான் மூச்சு ஒழுங்காக வந்தது. முகத்தைப் பார்த்தால் அழுகை வந்துவிடும். நிச்சயம் வரும். மூன்று மணிக்கு அழுதுகொள்ளலாம், அதுவரை மரக்கட்டையாக இருந்தால் குற்றமில்லை என்று அவன் தனக்குத்தானே தவணை கொடுத்துக்கொண்டான். வழக்கமாகவே கோட்வாலி வாசலுக்குப் போய்ச்சேர மூன்று ஆகிவிடும். ஒன்றையும் மாற்றவேண்டியதில்லை.

ஆனால் போன் நிற்கவில்லை. சித்தப்பா அடித்தார், மைத்துனன் அடித்தான், மனைவியின் தம்பி அடித்தான். ஒவ்வொருவரும் எப்படி ஆச்சு என்றார்கள், இவன் நெஞ்சு வலியாம் என்றான். பிரோஸ் மினார் நிழலில் நான்காவது தடவை அடித்தபோது சான்யாலுக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்ப்பா, ஒண்ணு போனப் பேசு, இல்ல மினாரப் பத்திப் பேசு. எங்க பாதி நாள உன் சொந்தக்காரங்களே தின்னுட்டாங்க."

"விடுங்களேன், ஏதாவது அவசரமா இருக்கும்" என்றாள் கேதகி.

"இல்லம்மா, சார் சொல்றது சரிதான்."

போனைச் சத்தமில்லாமல் செய்து பையில் போட்டான். அப்படிச் செய்ததும் அவனுக்கு நிம்மதியாகவே இருந்தது. நெஞ்சு வலியாம் என்று இன்னொரு தடவை சொல்லவேண்டியதில்லை. மினாரைக் கட்டிய கொத்தனார் இதைவிட உயரமாகவும் கட்டியிருப்பேன் என்று வாயைக் கொடுத்து, சுல்தான் அவனை உச்சியிலிருந்து தள்ளிவிட்ட கதையைச் சொன்னான். சான்யால் பலமாகச் சிரித்தார்.

"எங்க ஆபீசிலும் அப்படி ரெண்டு பேரு இருந்தானுங்க. மினார்தான் இல்ல."

கதம் ரசூலில் கல்லில் பதிந்த நபியின் பாதத்தடத்தைக் காட்டினான். பக்கத்துத் தோப்பில் பிஷு சாக்கை விரித்தான். கேதகி டப்பாவைத் திறந்து லூச்சிப் பூரியும் உருளைக்கிழங்குக் கறியும் எடுத்து வைத்தாள். தோப்புக்காரன் ஒரு கூடை மாம்பழம் கொண்டுவந்து கொட்டினான். சான்யால் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்து, முகர்ந்ததையெல்லாம் தின்றார்.

"நீங்க ஒண்ணுமே சாப்பிடலியே. உடம்பு சரியில்லையா?" என்றாள் கேதகி.

"வெயில்மா, வேற ஒண்ணுமில்ல."

சொல்லிவிடலாமா என்று நினைத்தான். சொன்னால் இந்த அம்மா கையைப் பிடித்துக்கொள்வாள், கண் கலங்குவாள். தனக்கே வராத கண்ணீரை இன்னொருத்தி விடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். ஒரு மாம்பழத்தை எடுத்துச் சப்பினான். புளிப்பா இனிப்பா என்று தெரியவில்லை.

பிஷு அருகில் வந்து குசுகுசுத்தான். "வேணும்னா மத்த எடத்த விட்டுட்டு நேரா கோட்வாலிக்கு அடிக்கட்டுமா?"

எந்தாஜுல் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "நேரம் கெடக்கு. சீக்கிரம் போய் அங்க நின்னு என்ன பண்ண?"

லட்டன் மசூதிக்குப் போனார்கள். செங்கல் மேல் பச்சையும் மஞ்சளுமாக வண்ண ஓடு பதித்த மசூதி, ஒரு நாட்டியக்காரி கட்டியதாகப் பேச்சு. கேதகி ஒவ்வொரு ஓடாகத் தடவிப் படம் எடுத்தாள். எந்தாஜுல் அவசரப்படுத்தவில்லை. தூணில் சாய்ந்துகொண்டு அக்காவின் முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றான். முக்காடு வந்தது, மிட்டாய்ப் பொட்டலம் வந்தது, முகம் மட்டும் வரவில்லை. பரவாயில்லை, இன்னும் கொஞ்ச நேரம்தான்.

கோட்வாலி வாசலில் டோட்டோ நின்றபோது அவன் கடிகாரத்தில் மூன்றுக்குப் பத்து நிமிடம் இருந்தது. வாசல் என்று பெயர்தான். வளைவு எப்போதோ விழுந்துவிட்டது, சாலையின் இருபுறமும் இரண்டு செங்கல் குன்றுகள் மட்டும் நிற்கின்றன. நடுவே கல்லேற்றிய லாரிகள் அந்தப் பக்கம் போகக் காத்திருந்தன. தடுப்புக் கம்பிக்கு அருகே துப்பாக்கியோடு காவல்காரர். கோட்டுக்கு அப்பால் வெயில் மட்டும் இருந்தது.

இன்னும் வரவில்லை, வருவார்கள் என்று நினைத்துக்கொண்டான். அதுவரை வாய் சும்மா இருக்காமல் தன் பாட்டுக்கு வேலையைப் பார்த்தது.

"இதோட நம்ம நகரம் முடிஞ்சுது சார். அதோ அந்த லாரி நிக்குதே, அது வங்கதேசம். நம்மளவிட முன்னேறின ஊரு சார் அது, அரை மணி நேரம் முன்னேறினது! இங்க ரெண்டரைன்னா அங்க மூணு. இந்தக் கோட்டத் தாண்டினா ஆயுசுல அரை மணி அவுட்டு."

சான்யால் சிரித்தார். கேதகியும் கைபேசியைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். "ஆமாங்க, பாருங்களேன்! அந்த ஊரு டவரப் பிடிச்சுக்கிச்சு. மூணு இருபதுன்னு காட்டுது!"

எந்தாஜுலும் சிரிக்கப் போனான். சிரிக்க வேண்டிய இடம் அது.

மூணு மணிக்கு என்றான் ஜியாருல். ஜியாருலின் சுவரில் தொங்கும் கடிகாரத்து மூணு மணி.

போனை எடுத்தான். திரை நிறைய ஜியாருல், ஜியாருல், ஜியாருல். கேதகி என்னவோ கேட்டாள். காதில் வாங்காமல் தடுப்புக் கம்பியை நோக்கி நடந்தான். காவல்காரர் பீகார்க்காரர், தினமும் பார்த்துக் கையசைப்பவர்.

"என்ன கைடு சார், இன்னிக்கு நேரத்தோட வந்துட்டீங்க?"

"ஒரு மய்யித்து... கொண்டு வந்தாங்களா?"

"வந்தாங்களே. இப்பத்தான் தூக்கிட்டுப் போனாங்க. பத்து நிமிஷம்னு பேச்சு, எங்க ஆபீசர் கால் மணி விட்டாரு. இந்தப் பக்கத்திலேருந்து ஒரு ஆளும் வரல. அந்தப் பையன் போனப் போட்டுப் போட்டுப் பார்த்தான், பாவம்." எந்தாஜுலின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"எங்க அக்கா."

காவல்காரர் துப்பாக்கியைத் தோள் மாற்றிக்கொண்டார். "அட, தினம் வர்றீங்களே சார். தெரிஞ்சிருந்தா நானே ஆள் விட்டிருப்பேனே."

"முகத்தத் தொறந்தாங்களா?"

"கடைசியில தொறந்தான். லாரிக்குப் பின்னால யாராவது நிக்கறாங்களோன்னு இந்தப் பக்கமாத் திருப்பிக் காட்டினான்."

"யாரு பார்த்தா?"

"நான்தான் நின்னேன். நான் பார்த்தேன்." கொஞ்சம் யோசித்தார். "புருவம் உங்களது மாதிரியே இருந்துச்சு சார்."

எந்தாஜுல் தலையாட்டினான். அழுகை வரும் என்று காத்தான். வரவில்லை. காலையில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. இனி எதைப் பார்த்து அழுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. கட்டில் போன சாலையில் ஒரு லாரி புகைவிட்டுக்கொண்டு நகர்ந்தது.

திரும்பி வந்தான். டோட்டோ பக்கத்தில் நின்ற பிஷு அவன் முகத்தைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. கேதகிக்குப் புரியவில்லை. கைபேசியை நீட்டினாள்.

"இத பழையபடி நம்ம நேரத்துக்கு வெச்சுக் குடுங்களேன். எனக்கு இந்த வேலையெல்லாம் தெரியாது."

வாங்கினான். எங்கே தட்டவேண்டும் என்பது அவனுக்குத் தெரியும், எத்தனையோ பேருக்குச் செய்து கொடுத்திருக்கிறான். ஒருமுறை அழுத்தினான். அரை மணி நேரம் பின்னால் வந்தது. மூன்றாக இன்னும் நான்கு நிமிடம் இருந்தது.

"சரியாயிடுச்சா?"

"ஆச்சும்மா."

"அப்போ கிளம்பலாமா? பாக்கறதுக்கு இன்னும் ஏதாவது இருக்கா?" என்றார் சான்யால்.

"இல்ல சார். மூணு ஆகட்டும், போயிடலாம்."

"மூணு மணிக்கு என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல சார்."

எந்தாஜுல் திரும்ப நடந்து போய்த் தடுப்புக் கம்பியருகே நின்றான். காவல்காரர் சற்று ஒதுங்கி இடம் விட்டார். சான்யால் பிஷுவிடம் என்னய்யா இது என்றார். பிஷு குனிந்து எதையோ சொன்னான். எந்தாஜுல் கடிகாரத்தைப் பார்ப்பதும் கோட்டுக்கு அப்பால் பார்ப்பதுமாக நின்றான். மூன்று ஆனது. யாரும் வரவில்லை. போய் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.