மதகுப் பலகை

ரப்பர்த் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி பொன்னம்பலத்தின் மூக்குக்கு வந்த சொகுசால்தான் கூலிக்காரர்கள் நாங்கள் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகள் பேதியில் கிடந்தார்கள். என் மகள் நவமணிக்கு மூன்று வயது. நான்கு நாளாகத் தண்ணீராகவே போய், அழக்கூடத் தெம்பில்லாமல் பாயோடு பாயாக ஒட்டிக் கிடந்தாள்.

ரப்பர்ப் பாலை உறைய வைக்க ஆசிட் ஊற்றுவார்கள். உறைந்தபின் மிஞ்சும் கழிவுத் தண்ணீர் பிண நாற்றம் நாறும். தொட்டிகளைக் கழுவுகிறவளே நான்தான், எனக்குத் தெரியாதா? அதை ஒரு வாரம் குட்டையில் தேக்கி, தெளிந்தபின்தான் ஆற்றில் விட வேண்டும் என்பது உத்தரவு. குட்டை வெட்டியதோ கிராணி வீட்டுக்குப் பின்னால். வீடு நாறுகிறதென்று அந்த மனுஷன் தினமும் மதகைத் திறந்துவிடச் சொன்னான். அத்தனையும் நாங்கள் தண்ணீர் எடுக்கும் துறைக்கு வந்தது. கிணறு உப்பு. ஆற்றை விட்டால் எங்களுக்கு வேறு கதியில்லை. ஆற்றின் கீழ்ப்பக்கத்து மலாய்க் கிராமமான கம்போங் குவாந்தான் வரை மீன் செத்து மிதக்கிறதென்று மலாய்க்காரர்களும் வந்து சத்தம் போட்டுப் பார்த்தார்கள். துரையிடம் முறையிடலாம் என்றால், துரைக்கும் எங்களுக்கும் நடுவில் பேசுகிறவனே கிராணிதான்.

சுகாதார அதிகாரி வருகிறார் என்றால் முதல் நாளே மதகை மூடி, லயத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பது வழக்கம். இந்தத் தடவை அந்த வெள்ளைக்காரர், சொன்ன நாளுக்கு முந்தின நாளே எங்கள் துறைக்கு வந்து நின்றார். ஆறு வெள்ளை வெள்ளையாக நுரை கட்டி ஓடிக்கொண்டிருந்தது. மாரியம்மா கண் திறந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

அதிகாரி தண்ணீரைக் காட்டி ஏதோ கேட்டார். கிராணி சிரித்துக்கொண்டே இங்கிலீஷில் பதில் சொன்னான். அரைகுறை இங்கிலீஷ் தெரிந்த மெஷின்காரன் அர்ஜுனன் என் காதில் ஓதினான்: "மழைத் தண்ணியாம். எல்லாரும் இதைத்தான் குடிக்கிறாங்களாம். ஒரு கொறையும் இல்லையாம்."

எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. சொம்பில் அந்தத் தண்ணீரை மொண்டு கிராணியிடம் நீட்டினேன். "குடிங்கய்யா. கொறையில்லாத தண்ணிதானே?"

அவன் இரண்டடி பின்வாங்கி அதிகாரியிடம் என்னவோ சொன்னான். அவரும் புரிந்தவர்போலத் தலையாட்டினார்.

"உங்க கையால தண்ணி வாங்கிக் குடிக்கிறது அவரு சாதியில வழக்கமில்லையாம்" என்றான் அர்ஜுனன்.

அட பாவி! சாதி எதற்கெல்லாம் உதவுகிறது பார்! சொம்பைத் தரையில் வைத்தேன். "அப்போ எங்கையால வேணாம். உங்க கையாலேயே அள்ளிக் குடிங்க. ஆத்துக்குமா சாதி இருக்கு?" என்று கத்தினேன். அதிகாரிக்கும் விளங்கட்டும் என்று ஆற்றைக் காட்டி, கையைக் குவித்து வாயருகே கொண்டுபோனேன். அவர் கிராணியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மாட்டிக்கொண்டான் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவன் காற்சட்டையை மடித்துவிட்டு ஆற்றில் இறங்கினான். கை நிறைய அள்ளி, மடக் மடக்கென்று குடித்தான். முகத்தில் ஒரு சுளிப்பில்லை. அதிகாரி புத்தகத்தில் எழுதினார்.

"நல்ல தண்ணின்னு எழுதிட்டாரு" என்றான் அர்ஜுனன்.

கார் மறைந்ததும் கிராணி புதரோரம் குனிந்து, குடலே வெளியே வரும்படி வாந்தி எடுத்தான். வாயைத் துடைத்துக்கொண்டு, தன் யாழ்ப்பாணத் தமிழில் என்மேல் பாய்ந்தான். "என்ர உத்தியோகத்துக்கு உலை வைக்கப் பாத்தியே, விசரி!"

ஒரு வாய் குடித்து அவன் உத்தியோகத்தைக் காப்பாற்றிக்கொண்டான். என் பிள்ளை எத்தனை வாய் குடித்திருக்கும்!

நேரே குட்டைக்குப் போனேன். மதகுப் பலகையை இறக்கி, கழிவு ஆற்றுக்குப் போகாமல் அடைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அடுத்த வீட்டு வள்ளியம்மா வந்து உட்கார்ந்தாள். பிறகு லயத்துப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். அன்றைக்கு ஒருத்தியும் வேலைக்குப் போகவில்லை. வெயில் ஏற ஏற நாற்றம் கிளம்பி, கிராணி வீட்டு ஜன்னல்கள் படபடவென்று மூடிக்கொண்டன.

கிராணி மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தான். "எழும்புங்கோடி! மனுசி பிள்ளையள் இருக்கிற வீடு. இந்த நாத்தத்தில எப்பிடிச் சீவிக்கிறது?"

"நாறட்டும்யா" என்றேன். "நாத்தத்துல யாரும் சாவ மாட்டாங்க. எம்புள்ள அங்க செத்துக்கிட்டிருக்கு."