இருபது நடைக்கு ஒரு சொட்டு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒட்டுக்கேட்டுத் திருடியது. 2005, சித்திரை மாதம். கண்ணாடி மாற்றப் புதுச்சேரியில் ஒரு கண் மருத்துவமனைக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் மரக்காணத்து உப்பளத் தொழிலாளி சுலோசனா, டாக்டர் சத்யப்ரியாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். வெட்கமில்லாமல் காதை நீட்டினேன்.

2

முதல் தொடக்கம்: ‘ரத்தக்குழாயின் உட்சுவரில் ஒட்டு மூலக்கூறுகள் என்று சில உண்டு, அவை அழற்சியின்போது...’

(அடித்துவிட்டேன். நீங்கள் கொட்டாவி விடுவது இங்கே கேட்கிறது.)

இரண்டாவது: ‘சுலோசனாவின் இடது கண் சிவந்தபோது, வெயில் கண்ணு, தானாப் போயிடும் என்றது உப்பளம்.’ இது பரவாயில்லை. உப்பில் வெயில் தெறிக்கும் இடத்தில் யார் கண்தான் சிவக்காது? ஆனால் மூன்று வாரத்தில் வெளிச்சம் பட்டாலே வலி. எதிரில் வருகிறவர்கள் புகைக்குள் வந்தார்கள். பயந்துபோய் பஸ் ஏறினாள்.

3

“ரத்தத்துல வெள்ளை அணு ஓடிக்கிட்டே இருக்கும்மா. காயம் பட்டா, குழாயோட உள்சுவர்ல ஒட்டு மூலக்கூறு முளைச்சி அதுங்கள புடிச்சி நிறுத்தும். அதுங்க சுவரத் தாண்டிப் போயி காயத்த ஆத்தும். உங்க கால் வெடிப்புகூட அப்படித்தான் ஆறுது. இப்ப காயமே இல்லாம கண்ணுல அதே வேலை நடக்குது. விட்டா பார்வை போயிடும். தூங்குற நேரம் தவிர மணிக்கு ஒரு சொட்டு விடணும்.”

சுலோசனா யோசித்தாள். “அப்ப ஆளு நல்ல ஆளுதாங்க டாக்டரம்மா. எடந்தான் தப்பு.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.*

4

பத்து நாள் கழித்துக் கண்ணாடி வாங்கப் போனால், மறுபடி அவள். கண் அப்படியே இருந்தது.

“மருந்து விட்டீங்களா, இல்லையா?”

“விட்டேங்க. இருபது நடைக்கு ஒரு சொட்டு.”

பாத்தியிலிருந்து உப்பைக் கூடையில் சுமந்து குவியலில் கொட்டித் திரும்பினால் ஒரு நடை. உப்புத் தண்ணீரில் கைக்கடிகாரம் ஒரு மாதம் தாங்காது. அளத்தில் நேரத்தை நடையால்தான் கணக்கிடுவார்கள். இருபது நடை, ஒரு மணி நேரம்.

சொல்லச் சொல்ல அவளுக்கே உறைத்தது. “காலையில சரிங்க. மத்தியானம் கால் ஓஞ்சிடும். இருபது நடைக்கு ரெண்டு மணி நேரம் ஆயிடுங்களே!”

தன் தப்பைத் தானே பிடித்தாளே, அங்கேயே கைதட்டத் தோன்றியது எனக்கு.

“இன்னும் காப்பாத்தலாம். அடுத்த வியாழக்கிழமை பாக்கலாம்,” என்றார் டாக்டர்.

5

(இதை ஒட்டுக்கேட்கவில்லை. அளத்துக்கே போய்ப் பார்த்தேன்.) மோட்டார் கொட்டகையில் கடிகாரம் வைத்திருக்கும் தட்சணாமூர்த்தி மணிக்கு மணி கத்துகிறார்: “சுலோசனா! சொட்டு!” கூடை இறங்குகிறது. கூட வேலை செய்யும் வசந்தா, தன் பங்குக் குடிதண்ணீரில் உப்புக் கையைக் கழுவிக்கொண்டு ஓடி வருகிறாள். “அண்ணாந்து பாரு, அக்கா.” அந்த வெயிலில் குடிதண்ணீரின் அருமை தெரிந்தவர்களுக்கு அவள் அருமையும் தெரியும்.

6

முடிவு ஒன்று: கண் தெளிந்தது. முடிவு இரண்டு: கண்... (எழுதக் கை வரவில்லை.)

சுலோசனாவிடமே கேட்டேன். “நீங்க எழுதாதீங்க. வியாழக்கிழம டாக்டரம்மா பாத்துச் சொல்லட்டும்,” என்றாள்.

இந்த இதழ் புதன்கிழமை உங்கள் கைக்கு வரும். மறுநாள் காலை புதுச்சேரி பஸ்ஸில் தட்சணாமூர்த்தியும் இருக்கமாட்டார், வசந்தாவும் இருக்கமாட்டாள். இடது கண்ணை இடுக்கிக்கொண்டு ஒரு பெண் உங்களிடம் மணி கேட்பாள். சரியாகச் சொல்லுங்கள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, அந்தச் சொட்டையும் நீங்களே விட்டுவிடுங்கள்.

* அந்த மூலக்கூறுகளுக்கு எழுத்தும் எண்ணுமாகப் பெயர்கள் இருக்கின்றன. ஒன்றும் மனதில் நிற்கவில்லை. ‘நல்ல ஆளு’ நின்றுவிட்டது.